பாலர் பாடசாலைக்கு யார் காசு கொடுப்பது?

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலும் ஸ்டான்லி வீதியிலும் கடைக் கண்ணாடிகளில் "பெண் விற்பனையாளர் தேவை" என்ற அறிவித்தலை அடிக்கடி காணலாம். ஒட்டிய கடதாசி வெயிலில் மஞ்சளாகும் வரை ஆள் கிடைப்பதில்லை. வேலை தேடிவரும் பெண்கள் இல்லாமலில்லை. சம்பளம் பேசுவோம், நேரம் பேசுவோம், எல்லாம் பொருந்தி வரும். கடைசியில் ஒரு வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும்: "பிள்ளையைப் பார்க்க ஆளில்லை முதலாளி."

வியாபாரப் பக்கத்தில் பாலர் பாடசாலையைப் பற்றி எழுத வேண்டிய காரணம் இதுதான். இலங்கையில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர்தான் தொழிற்படையில் இருக்கிறார். ஆண்களில் பத்துக்கு ஏழு பேரளவில் இருக்கிறார்கள். இந்த இடைவெளிக்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் கடை வைத்திருக்கிற எவரையும் கேட்டுப் பாருங்கள், முதல் காரணம் சின்னப் பிள்ளை என்றுதான் சொல்வார்.

எமது சமூகத்தில் பெண் வேலைக்குப் போகலாமா என்று விவாதிப்பவர்கள் இருக்கிறார்கள். விவாதம் ஒரு பக்கம் நடக்கட்டும். கணவனை இழந்தவர்கள், கணவனின் பழைய இரும்பு வியாபாரத்தில் வரும் நாட்கூலி போதாதவர்கள், வீட்டில் தையல் மெஷினை வைத்துக்கொண்டு ஓடர் முடிக்க முடியாமல் தவிப்பவர்கள் ஆகியோர் எமது மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். எமது பெண் பிள்ளைகளின் பாடசாலைக்குக் கதீஜா என்று பெயர் வைத்த முன்னோர், ஒரு வர்த்தகப் பெண்மணியின் பெயரைத்தான் வைத்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

84 நாளும் 3 வயதும்

முதலில் காலக் கணக்கைப் பார்ப்போம். தனியார் துறையில் வேலை செய்யும் தாய்க்கு, 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாட்கள் பிரசவ விடுமுறை உண்டு. விடுமுறை முடியும்போது பிள்ளைக்கு மூன்று, நான்கு மாதம் ஆகியிருக்கும். பாலர் பாடசாலை பிள்ளையைச் சேர்ப்பது 3 வயதில். அரசாங்கப் பாடசாலை முதலாம் ஆண்டுக்கு எடுப்பது 5 வயது பூர்த்தியான பின்.

ஆக, நான்காம் மாதம் முதல் மூன்று வயது வரை பிள்ளைக்குப் போக இடமில்லை. மூன்று முதல் ஐந்து வரை காலையில் சில மணித்தியாலம் இடமுண்டு. நண்பகலுக்கு முன்பின்னாகப் பாலர் பாடசாலை விட்டுவிடும். கடை பூட்டுவதோ மாலை ஆறு மணிக்கு. இடையில் உள்ள நேரத்துக்கு உம்மம்மா இருந்தால் சரி. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் சிதறிப்போய், பல ஆண்டுகளின் பின் திரும்பி வந்த எமது குடும்பங்களில் உம்மம்மா புத்தளத்திலும் பேரப்பிள்ளை யாழ்ப்பாணத்திலும் இருப்பது புதுமையல்ல. பக்கத்து வீட்டு ராத்தா பார்த்துக்கொள்ளும் காலமும் தெருவோடு சிதறிவிட்டது.

அரசாங்கம் என்ன கொடுக்கிறது?

இலவசக் கல்வி 1945 இல் வந்தது. பாடநூல் 1980 இலிருந்தும் சீருடைத் துணி 1993 இலிருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. இவையெல்லாம் முதலாம் ஆண்டு வாசற்படியில் தொடங்குகின்றன. அந்த வாசலுக்கு வெளியே நிற்கும் பாலர் பாடசாலை, 13 ஆவது திருத்தத்தின் பின் மாகாணங்களின் பொறுப்புக்கு வந்தது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றை நடத்துவது அரசாங்கம் அல்ல. தனியாரும், கிராமச் சங்கங்களும், கோயில்களும், தேவாலயங்களும், பள்ளிவாசல்களும் நடத்துகின்றன. மாதக் கட்டணத்தைக் கொடுப்பது பெற்றார்.

அரச பணம் இதற்குள் வருவது மூன்று சிறு வழிகளால். ஒன்று ஆசிரியைகளின் மாதாந்தக் கொடுப்பனவு. இது சம்பளம் அல்ல. ஒரு மேசனின் சில நாள் கூலிக்குத்தான் அது சமன். இரண்டாவது பிள்ளைகளின் காலை உணவு. இதற்காக ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு ஒதுக்கும் தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 60 ரூபாவிலிருந்து 100 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மூன்றாவது வெளிநாட்டுக் கடனில் வரும் செயற்றிட்டங்கள். உலக வங்கியின் 5 கோடி டொலர் கடனுதவியுடன் 2015 இல் அனுமதிக்கப்பட்ட முன்பிள்ளைப் பருவ அபிவிருத்திச் செயற்றிட்டம் இவ்வகையானது. கட்டடத் திருத்தம், கற்றல் உபகரணம், ஆசிரியைப் பயிற்சி ஆகியவற்றுடன் வறிய குடும்பப் பிள்ளைகளுக்குக் கட்டண விலக்கும் அதில் இருந்தது. நல்ல விடயம்தான். ஆனால் செயற்றிட்டம் என்றால் அதற்கு ஒரு முடிவுத் திகதி உண்டு. பிள்ளைகள் பிறப்பதற்கு முடிவுத் திகதி கிடையாது.

இந்த மூன்று வழிக்கும் சாவி ஒன்றுதான். பாலர் பாடசாலை பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். எமது மாகாணத்தில் இதற்காகப் போக வேண்டிய வாசல்கள் இரண்டு. மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ் வரும் வலயக் கல்வி அலுவலகம் ஒன்று. பிரதேச செயலகத்தில் இருக்கும் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் மற்றது. இவர் கொழும்பிலுள்ள சிறுவர் செயலகத்தின் வழியில் வருபவர். ஒரு வாசலில் கேட்ட படிவத்தை மற்ற வாசலிலும் கேட்பார்கள். அலுத்துப்போய்த் திரும்பி வந்தவர்கள் எம்மில் உண்டு.

எந்தக் கோப்பில் பெயர் இருக்கிறது என்பதில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதற்கு வன்னி நல்ல உதாரணம். யுத்தத்தின் பின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல முன்பள்ளிகளைச் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் பொறுப்பேற்று நடத்தியது. அங்குள்ள ஆசிரியைக்கு மாகாணக் கொடுப்பனவைப் போலப் பல மடங்கு சம்பளம். பாதுகாப்புத் துறை பாலர்களுக்குப் படிப்பிக்க வேண்டுமா என்று கேள்வி எழுப்பியவர்கள் கேட்டது நியாயம். அந்தச் சம்பளத்தை விட்டு வர முடியாது என்று சொன்ன ஆசிரியைகள் சொன்னதும் நியாயம். ஒரே வயதுப் பிள்ளைகள், ஒரே வேலை, இரண்டு திணைக்களம், இரண்டு விலை. வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்து, அடுத்த தேர்தல் இல்லாமல் ஆண்டுகள் ஓடியதால், இதை ஒரு சபையில் எழுந்து கேட்கவும் மக்கள் பிரதிநிதி இல்லாமல் போனது.

ஒரு கடைக் கணக்கு

இப்போது கொப்பியை எடுப்போம். 30 பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள் உள்ள ஒரு பாலர் பாடசாலையை வைத்துக்கொள்வோம். கட்டணம் மாதம் 1,000 ரூபா என்று வையுங்கள். எல்லோரும் ஒழுங்காகக் கட்டினால் வரவு 30,000 ரூபா. இரண்டு பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 15,000. மின்சாரம், கடதாசி, கலர்ப் பென்சில் எல்லாம் யாரோ ஒருவரின் தயவு. தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. எமது பிள்ளைக்கு முதல் எழுத்தைப் பிடித்து எழுதச் சொல்லிக்கொடுப்பவருக்கு அதில் பாதி.

இரண்டு பேருக்கும் 30,000 வீதம் கொடுத்து, ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் பங்கு 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்டினால் செலவு 69,000 ரூபா. அதை 30 ஆல் பிரித்தால் பிள்ளைக்கு 2,300 ரூபா. 30,000 ரூபா உழைக்கும் ஒரு தாய்க்கு இரண்டு சின்னப் பிள்ளை இருந்தால் 4,600 ரூபா. அதுவும் அரை நாளுக்குத்தான். பின்னேரம் பார்ப்பவருக்கு வேறு கொடுக்க வேண்டும். பஸ் காசையும் கழித்தால் அவர் வேலைக்குப் போவதா வீட்டில் இருப்பதா என்று யோசிப்பதில் தவறில்லை. அவர் சோம்பேறி அல்ல. கணக்குத் தெரிந்தவர்.

இனிப் பதிவின் பெறுமதியைப் பாருங்கள். காலை உணவுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டால், 30 பிள்ளைகளுக்கு 100 ரூபா வீதம் 20 நாளைக்கு மாதம் 60,000 ரூபா. பத்து மாதத்துக்கு 6 இலட்சம். பள்ளிவாசல் வளவிலோ வீட்டு விறாந்தையிலோ பதிவில்லாமல் நடக்கும் ஒரு சிறு நேர்சரி, பதிவு செய்வதற்குள்ள அலைச்சலைத் தவிர்ப்பதற்காக இந்த 6 இலட்சத்துக்குரிய வாய்ப்பை விட்டுவிடுகிறது. எந்த வியாபாரியாவது இப்படிச் செய்வானா?

தகுதி என்ற வேலி

பாலர் பாடசாலைக்குக் காசு இல்லாவிட்டாலும் குடும்பத்துக்கு "அஸ்வெசும" கிடைக்கிறதே, அதிலிருந்து கட்டலாம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. 1995 இல் தொடங்கிய சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக, 2002 ஆம் ஆண்டு 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 ஜூலையில் தொடங்கியது அஸ்வெசும. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு தலைப்புகளில் 22 குறிகாட்டிகளால் குடும்பத்தை அளந்து நான்கு தரமாகப் பிரிக்கிறார்கள். 2025 ஜனவரியில் வறிய குடும்பத்துக்கான தொகை 10,000 ரூபாவாகவும், மிக வறிய குடும்பத்துக்கான தொகை 17,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. முதல் பட்டியல் வெளிவந்தபோது முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன.

அந்த ஆறு தலைப்பில் "பிள்ளையைப் பார்க்க ஆள் உண்டா" என்பது ஒரு தலைப்பு அல்ல. தாய் வேலைக்குப் போய் நாலு காசு சேர்த்தால் அந்த அளவுகோலில் குடும்பம் மேலே போகும், கொடுப்பனவு கீழே வரும். அதாவது கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும் உழைக்கும் தாய்க்கு ஒன்றும் இல்லை.

இங்கிலாந்தில் குடியேறிய எமது உறவினர்கள் வேறொரு விதியைச் சொல்வார்கள். அங்கு 3, 4 வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் வாரத்தில் 15 மணித்தியாலம் இலவசம். பெற்றார் வேலை செய்தால் 30 மணித்தியாலம். 2025 செப்டெம்பரிலிருந்து இந்த 30 மணித்தியாலம் 9 மாதப் பிள்ளையிலிருந்தே கிடைக்கிறது. பாடசாலை நடக்கும் 38 வாரங்களுக்குத்தான் இந்தக் கணக்கு. ஆனால் பெற்றார் ஒவ்வொருவரும் வாரத்தில் 16 மணித்தியாலக் குறைந்தபட்சக் கூலிக்குச் சமனாக உழைத்திருக்க வேண்டும். ஒருவரின் வருமானமும் ஆண்டுக்கு ஒரு இலட்சம் பவுணைத் தாண்டக்கூடாது. உழைப்பவருக்கு நல்லது. வேலை இழந்தவரின் பிள்ளைக்கு மணித்தியாலம் குறைந்துவிடும். எம்மிடம் உழைப்பவருக்கு ஓட்டை, அவர்களிடம் உழைக்க முடியாதவருக்கு ஓட்டை.

மூன்றாவது வழி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இந்தியாவில் 1975 ஒக்டோபர் 2 ஆம் திகதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கானவை. 2001 இலும் 2006 இலும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இது எல்லாக் குடியிருப்புக்கும் எல்லாப் பிள்ளைக்கும் போய்ச் சேர வேண்டும் என்று கட்டளையிட்டது. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். அரசாங்கம் 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவிலும் பாலர் நிலையத்துப் பிள்ளைகள் முதலிலிருந்தே சேர்க்கப்பட்டார்கள். அங்கன்வாடி வாசலில் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. குறைபாடுகள் அங்கும் நிறைய உண்டு. ஊழியர்களின் குறைந்த ஊதியத்துக்காக அவர்கள் அடிக்கடி வீதியில் இறங்குகிறார்கள். ஆனாலும் தகுதி விதி ஒரு வரியில் முடிகிறது: வயது.

இந்த விதி எமக்கும் புதியதல்ல. எமது தெருவுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது நாம் "மிட்வைஃப் மிஸ்" என்று கூப்பிடுபவர், தடுப்பூசி போட வரும் பிள்ளையின் வாப்பாவுக்குக் கடை உண்டா என்று கேட்பதில்லை. அதனால்தான் இந்த நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைக்கும் தடுப்பூசி போய்ச் சேர்ந்திருக்கிறது. முதலாம் ஆண்டு அதிபரும் பாடநூல் கொடுக்கும்போது மின்சாரப் பட்டியலைப் பார்ப்பதில்லை. நான்கு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் உள்ள பராமரிப்புக்கு மட்டும் ஏன் இத்தனை வேலி?

திரும்பி வந்தவர்களின் விசேட தொல்லை

எமது மக்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சோனகத் தெரு, ஐந்து சந்தி, பொம்மைவெளிப் பக்கங்களில் வாழும் பல குடும்பங்களின் பதிவு இன்னும் புத்தளத்துக் கிராம அலுவலரிடம் இருக்கிறது. சிலருக்கு இங்கே காணி இருக்கிறது, வீடு இல்லை. வாடகை வீட்டில் ஆறு மாதம், அடுத்த வீட்டில் ஆறு மாதம் என்று மாறுகிறார்கள். நலன்புரிக் கொடுப்பனவு எல்லாம் கிராம அலுவலர் பிரிவை வைத்து நடப்பவை. புத்தளத்தில் விசாரிக்க வரும்போது ஆள் இல்லை, யாழ்ப்பாணத்தில் விசாரிக்க வரும்போது பதிவு இல்லை. இடம்பெயர்ந்தோரின் வாக்குரிமைக்காக 2013 இல் பாராளுமன்றம் விசேட சட்டம் ஒன்றையே இயற்றியது. வாப்பாவின் வாக்குக்கு வழி செய்தவர்கள் பிள்ளையின் காலை உணவுக்கு அப்படி ஒன்றும் செய்யவில்லை.

இதற்குப் பெரிய சட்டம் தேவையில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் சுகாதாரத் திணைக்களம் கொடுக்கும் பிள்ளைச் சுகாதார அபிவிருத்திப் பதிவேடு இருக்கிறது. பிறந்த திகதி, நிறை, தடுப்பூசி எல்லாம் அதில் எழுதப்படுகிறது. பிள்ளை இப்போது எந்தக் கிளினிக்குக்குப் போகிறதோ அந்த ஊரில்தான் அந்தப் பிள்ளை வாழ்கிறது. அந்தப் புத்தகத்தையே பாலர் பாடசாலை உதவிக்கும் தகுதிச் சான்றாக ஏற்றுக்கொண்டால், குடும்பப் பதிவு எந்த மாவட்டத்தில் கிடந்தாலும் பிள்ளை பட்டினி கிடக்காது.

அரசாங்கத்திடம் காசில்லை, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்த நாடு எல்லாப் பிள்ளைக்கும் எப்படிக் கொடுக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கத் தேவையில்லை. முதலில் பதிவு செய்த எல்லாப் பாலர் பாடசாலைக்கும் காலை உணவு. அடுத்தது எந்தத் திணைக்களத்தின் கீழ் இருந்தாலும் ஆசிரியைக்கு ஒரே கொடுப்பனவு. அதற்குப் பின் மூன்று வயதுக்குட்பட்டோரின் பகல் பராமரிப்பு. பணக்காரப் பிள்ளைக்கும் சாப்பாடு போகுமே என்றால், போகட்டும். அவர்களின் பிள்ளைகள் பாடநூலையும் இலவசமாகத்தான் வாங்குகிறார்கள். ஏழையைக் கண்டுபிடிக்க 22 குறிகாட்டிகளுடன் வீடு வீடாக அலைவதற்கும், இலட்சக்கணக்கான முறையீடுகளைத் திரும்ப விசாரிப்பதற்கும் செலவு உண்டு. அந்தச் செலவையும் ஐந்தொகையில் எழுத வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

அரசாங்கத்தை மட்டும் சொல்லிவிட்டு எழும்புவது வியாபாரிக்கு அழகல்ல. எமது பக்கத்திலும் மூன்று வேலைகள் இருக்கின்றன.

முதலாவது பதிவு. ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் தன் மஹல்லாவில் நடக்கும் நேர்சரிகளின் பட்டியலை எடுக்கட்டும். இடவசதி, மலசலகூடம், குடிநீர், தகைமையுள்ள ஆசிரியை, பெற்றார் குழு, வங்கிக் கணக்கு என்று எது குறைகிறதோ அதை நிரப்பட்டும். இரண்டு வாசலுக்கும் ஏறி இறங்க, ஓய்வு பெற்ற அதிபர் ஒருவரோ எழுதுவினைஞர் ஒருவரோ போதும். ஆசிரியையைத் தனியாக அலைய விடாதீர்கள்.

இரண்டாவது கொடையின் திசை. கொழும்பிலும் வெளிநாட்டிலும் உள்ள எமது தனவந்தர்கள் கட்டடம் கட்டித் தருவதில் குறை வைப்பதில்லை. கட்டடத்தில் பெயர்ப்பலகை வைக்கலாம், ஆசிரியையின் சம்பளத்தில் பெயர்ப்பலகை வைக்க முடியாது. ஆனால் வெற்றுக் கட்டடம் பிள்ளையைப் பார்க்காது. வாடகை வருமானம் தரும் ஒரு கடை அறையைப் பாலர் பாடசாலைக்கென்று வக்பு செய்தால், அந்தச் சம்பளம் தலைமுறைக்கும் ஓடும். ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரை மார்க்கம் எமக்கு வரையறுத்துத் தந்திருக்கிறது. கட்டணம் கட்ட முடியாத ஏழைப் பிள்ளையின் பங்கு எப்படிக் கொடுக்கப்பட வேண்டும் என்று உலமாக்களிடம் கேட்டு, ஜமாஅத்தாகச் செய்யலாம்.

மூன்றாவது முதலாளிமாருக்கு. மேலே சொன்ன 69,000 ரூபாவை ஞாபகம் வையுங்கள். இரண்டு பெண்களைச் சட்டப்படி சம்பளம் கொடுத்து ஒரு மாதம் வைத்திருக்கும் செலவு அது. ஒரே வீதியில் உள்ள பத்துக் கடைகள் மாதம் 7,000 ரூபா வீதம் போட்டால் 70,000 ரூபா. ஒரு வீட்டை எடுத்துத் தொட்டில் கட்டி, கடைகளில் வேலை செய்யும் தாய்மாரின் பிள்ளைகளை மாலை வரை பார்க்கலாம். வீட்டு வாடகைக்குத் தாய்மார் ஒரு சிறு தொகை கொடுப்பார்கள். இதில் தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை என்ற பேதம் வேண்டாம். கடையில் வேலை செய்பவர்கள் இரு சமூகத்துப் பெண்களும்தான். இது ஸகாத்தும் அல்ல, ஸதகாவும் அல்ல. கடை வாடகை, மின்சாரக் கட்டணம் போல இதுவும் தொழில் செலவு. பழகிய ஆள் ஒருவர் பிள்ளைக்காக நின்றுவிட்டால் புது ஆளைப் பழக்க எவ்வளவு நட்டம் வருகிறது என்று உங்கள் கொப்பியையே பாருங்கள்.

வரவு செலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில் வருகிறது. அதற்கு முந்திய மாதங்களில்தான் அமைச்சுகள் தமது தேவையை எழுதிக் கொடுக்கின்றன. எமது பாலர் பாடசாலைகளின் பட்டியலும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் அதற்கு முன் பிரதேச செயலகத்துக்கும் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் எமது பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். கணக்கில் வராத பிள்ளைக்கு ஒதுக்கீடும் வராது. இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கலையும்போது உங்கள் பள்ளிவாசல் செயலாளரிடம் ஒரேயொரு கேள்வியைக் கேளுங்கள்: எமது மஹல்லாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? விடை தெரியாவிட்டால், இன்ஷா அல்லாஹ், வேலையை அங்கிருந்து தொடங்குவோம்.